மீண்டும் முளைக்கும் மூளைக் கட்டி

மூளையில் உண்டாகும் கட்டிகள் பல திறத்தன. அவற்றுட் சில, பலாச்சுளையுள் கொட்டைபோல ஓர் உறைக்குள் அடங்கித் தனித்து நிற்கும். இரண சிகிச்சையில் வல்ல வைத்தியர் அவற்றை முழுவதும் வெளிப்படுத்திவிடுவர். நோயாளியும் பல்லாண்டு சுகமாய் வாழ்வர். வேறு சில மூளையோடு மூளையாய்க் கலந்து, எது கட்டி, எது மூளை என்று பிரித்தறியவொண்ணாதபடி பரவுவன. இவ்விரண்டாம் வகையுள் மிகக் கொடியது கிளையோபிளாஸ்டோமா எனப்படும். நரம்பணுக்களைச் சூழ்ந்து நின்று தாங்கிப் போற்றும் உயிரணுக்களுக்குக் கிளையா என்று பெயர். அவ்வினத்தின் சாயலுடையதாகலின் இக்கட்டி இப்பெயர் பெற்றது. அமெரிக்க நாட்டில் ஆண்டொன்றுக்கு இலட்சம் பேருள் ஏறக்குறைய மூவர் இதற்கு ஆளாகின்றனர். தொகையளவில் இது பெருநோயன்று. எனினும் இதற்கு ஆளானோருள் ஐந்தாண்டு கடந்து வாழ்வோர் நூற்றுக்குப் பதின்மரினும் குறைவு.

வெட்டியெடுத்தாலும், கதிரால் சுட்டாலும், மருந்தால் வாட்டினாலும் இக்கட்டி சின்னாட்களில் மீண்டும் முளைக்கின்றது. ஏன் அங்ஙனம் முளைக்கின்றது என்னும் வினாவே நாம் இங்கு ஆராயப் புகுந்த பொருள். கடந்த இருபது ஆண்டுகளுக்கு மேலாக அறிஞர்கள் இதற்கு ஒரு விடை கூறி வருகின்றனர். அவ்விடை எவ்வளவு தூரம் மெய் என்பதும் உடன்வைத்து நோக்கற்பாலது.

முதலில் வெட்டியெடுத்தலின் வரலாற்றைக் காண்போம். 1928-ஆம் ஆண்டில், அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த வால்டர் டாண்டி என்பார், எவரும் துணியாத ஒரு செயலைச் செய்து வெளியிட்டார். கட்டி பரவியதனால் இடப்பக்க உடல் முன்னமே செயலற்றுப்போன ஐந்து நோயாளிகளுக்கு, வலப்பக்கத்துப் பெருமூளையையே முழுதும் நீக்கினார். கட்டி இருக்கும் இடத்தையும், இருக்கலாம் என்று ஐயுறும் இடத்தையும் ஒருங்கே போக்கிவிட்டால் நோய் ஒழியும் என்பது அவர் கருத்து. ஒழியவில்லை. சிகிச்சையைத் தாங்கிப் பிழைத்தெழுந்தவரிடத்தும் கட்டி மீண்டும் வந்தது. மூளையிற் பாதியைக் கொடுத்தும் நோயை விலைக்கு வாங்க இயலவில்லை.

அதே 1928-ஆம் ஆண்டில் கனடா தேசத்து மான்ட்ரீல் நகரில் வைல்டர் பென்பீல்டு என்னும் வைத்தியர், தம் உடன்பிறந்த சகோதரிக்கே மூளையைத் திறந்து சிகிச்சை செய்ய நேர்ந்தது. அவர் சகோதரிக்கு வந்தது கிளையோபிளாஸ்டோமா அன்று. அதனினும் மெதுவாக வளரும் அதன் உறவினம். வலப்பக்க முன்மூளையைப் பெரும்பாலும் எடுத்தும், கட்டியின் ஒரு பகுதி எட்டாத இடத்தில் நின்றுவிட்டது. அவ்வம்மையார் 1931-இல் காலமானார். பென்பீல்டு பின்னர் 1934-இல் மான்ட்ரீலில் நரம்பியற் கழகம் ஒன்று நிறுவினார். அக்கழகத்திற் பயின்று திரும்பிய ஜேக்கப் சாண்டி என்பாரே 1949-இல் வேலூர்க் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியில், நம் நாட்டின் முதல் நரம்பு இரண சிகிச்சைப் பகுதியைத் தொடங்கியவர் என்பதை இங்கே குறிப்பது பொருந்தும்.

இனி, இக்காலத்துச் சிகிச்சை யாதெனின், எடுக்கத்தக்க அளவு கட்டியை எடுத்துவிட்டு, ஆறு வாரம் கதிர்ச் சிகிச்சை செய்து, டெமோசோலமைடு என்னும் மருந்தை உட்கொள்ளச் செய்வதாகும். 573 நோயாளிகளைக்கொண்டு நடந்த பெரும் பரிசோதனையின் முடிவு 2005-இல் வெளியாயிற்று. கதிர் மட்டும் பெற்றோர் இடைநிலைக் கணக்கில் 12.1 மாதம் வாழ்ந்தனர். கதிரோடு மருந்தும் பெற்றோர் 14.6 மாதம் வாழ்ந்தனர். இரண்டாண்டு கடந்தோர் முன்னவருள் நூற்றுக்கு 10.4, பின்னவருள் 26.5. இரண்டரை மாதந்தானா என்று இகழ்வார் இகழலாம். அந்த இரண்டரை மாதத்தில் ஒரு தந்தை தன் மகள் திருமணத்தைக் கண்டிருக்கக்கூடும். ஆயினும் நோய் மீண்டதென்னவோ மெய்.

ஒரு கணக்கு இட்டுப் பார்ப்போம். கட்டியில் 1,000 கோடி உயிரணுக்கள் இருப்பதாகக் கொள்வோம். கத்தி நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கை நீக்கினால் எஞ்சுவது 10 கோடி. கதிரும் மருந்தும் அவற்றிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதை அழித்தால் எஞ்சுவது 10 இலட்சம். இனி நாம் கேட்கவேண்டுவது, இப்பத்து இலட்சமும் ஒரே தரத்தனவா என்பதே. எல்லா அணுவும் கட்டியை மீண்டும் உண்டாக்க வல்லனவாயின், அழித்த தொகையே வெற்றிக்கு அளவு. அவற்றுட் சிலவே அவ்வன்மை உடையனவாயின், எத்தனை அழிந்தன என்பதைவிட எவை எஞ்சின என்பதே அளவு.

நம் உழவர்க்கு இது புதிய செய்தியன்று. வயலிற் கோரை மண்டியபோது மேலே தெரியும் தாளை அரிவாளால் அறுத்தால் ஒருநாள் வயல் வெளிச்சமாய்த் தோன்றும். மண்ணுள் இருக்கும் கிழங்கு அகப்படாதவரை அடுத்த வாரமே கோரை தலைகாட்டும். கட்டியிலும் அங்ஙனம் ஒரு கிழங்கு உண்டு என்பதே நாம் மேலே குறித்த விடை. அதனை ஆங்கிலத்தில் ஸ்டெம் செல் என்பர்; நாம் குருத்தணு என்போம்.

குருத்தணு என்பது நோய்க்கு மட்டும் உரியதன்று. நல்லுடம்பின் செல்வமும் அதுவே. நம் இரத்த அணுக்கள் நாடோறும் மடிகின்றன. எலும்பின் சோற்றினுள் இருக்கும் குருத்தணுக்கள் நாடோறும் புதியன பிறப்பிக்கின்றன. அவை பிளவுபடும்போது தம்மைப்போன்ற குருத்தணுவையும் ஈனும், ஒரு தொழிலுக்கென்று முதிரும் அணுவையும் ஈனும். இவ்விரண்டு ஆற்றலும் சேர்ந்ததே குருத்தணுவின் இலக்கணம். 1961-ஆம் ஆண்டில் கனடாவின் டொரான்டோ நகரில் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்கல்லக் என்னும் இருவர் இதனைச் சுண்டெலிகளில் நிறுவினர்.

அதே டொரான்டோவில் ஜான் டிக் என்பாரும் அவர் தோழரும் 1994-இலும் 1997-இலும், இரத்தப் புற்றுநோயிலும் இத்தகைய ஏற்றத்தாழ்வு உண்டென்று காட்டினர். நோயுற்ற இரத்தத்தில் கோடிக்கணக்கான அணுக்கள் இருந்தாலும், எலியினுள் நோயைப் புதிதாகத் தோற்றுவிக்க வல்லவை அவற்றுள் மிகச் சிலவே. பின்னர் 2004-இல் அந்நகரத்துக் குழந்தைகள் வைத்தியசாலையைச் சேர்ந்த ஷீலா சிங், பீட்டர் டர்க்ஸ் ஆகியோர் மூளைக் கட்டியை எடுத்துக்கொண்டனர். கட்டியின் அணுக்களை, மேற்பரப்பில் சி.டி.133 என்னும் புரதத்தை அடையாளமாக உடையன, இல்லாதன என்று இரண்டாகப் பிரித்தனர். எதிர்ப்புச் சக்தி குன்றிய எலிகளின் மூளையில் அவற்றைச் செலுத்தினர். அடையாளமுடைய அணுக்கள் நூறே போதுமானதாயிருந்தன. நோயாளியின் கட்டியை ஒத்த கட்டி எலியின் மூளையிற் கிளைத்தது. அடையாளமற்ற அணுக்களை ஓர் இலட்சம் செலுத்தியும் கட்டி தோன்றவில்லை. நூறு எங்கே, இலட்சம் எங்கே! கிழங்கு அகப்பட்டது என்றே பலரும் எண்ணினர்.

அக்கிழங்கு ஏன் கதிருக்கும் மருந்துக்கும் தப்புகின்றது? கதிரின் தொழில் உயிரணுவுள் இருக்கும் டி.என்.ஏ. என்னும் இழையை அறுப்பது. அறுந்த இழையோடு பிளவுபடப் புகும் அணு மடியும். வட கரோலினாவில் டியூக் சர்வகலாசாலையின் ஜெரமி ரிச் முதலியோர் 2006-இல் கண்டது யாதெனின், குருத்தணுக்கள் இழை அறுந்ததை உடனே உணர்ந்து, பிளவுபடுதலை நிறுத்தி, பழுது பார்த்தபின்னரே மேற்செல்கின்றன என்பதாம். கதிர் பட்டபின் கட்டியில் அவற்றின் விகிதம் முன்னையினும் மிகுந்திருந்தது. மருந்தின் கதை வேறு. டெமோசோலமைடு போன்றவை, விரைந்து பிளவுபடும் அணுக்களையே பெரிதும் தாக்குவன. டெக்ஸாஸ் மாகாணத்து டல்லஸ் நகரில் லூயிஸ் பராடா குழுவினர் 2012-இல் எலிகளின் மூளைக் கட்டியில் ஒரு சிறு கூட்டத்தைக் கண்டனர். மருந்து நடக்கும்போது அக்கூட்டம் பிளவுபடாது உறங்கிக்கிடக்கும். மருந்து நின்றபின் எழுந்து கட்டியை மீண்டும் வளர்க்கும். அவ்வுறங்கும் கூட்டத்தை வேறு உபாயத்தால் அழித்துவிட்டு மருந்தும் கொடுத்தபோது கட்டியின் வளர்ச்சி தடைப்பட்டது. எலியளவிலேனும் இது பெரிய செய்தி.

இங்கே ஓர் எச்சரிக்கை. பத்திரிகை விளம்பரங்களில் ‘ஸ்டெம் செல் சிகிச்சை’ என்னும் சொல் பலவாறு அடிபடுகின்றது. அது குருத்தணுக்களை உடம்பினுள் ஏற்றும் சிகிச்சை. சில இரத்த நோய்களுக்கு எலும்புச்சோறு மாற்றுதல் அவ்வகையினது. நாம் கூறுவது நோய்க் குருத்தணுவை அழிக்க முயலும் சிகிச்சை. இரண்டும் நேர்மாறானவை. சொல் ஒன்றாயிருப்பதால் மயங்கிப் பொருளை இழப்பாரும் உளர். நம் மாணவர் தம் வீட்டார்க்கு இவ்வேறுபாட்டை எடுத்துரைப்பாராக.

குருத்தணுவை ஒழிக்கும் வழிகளுள் நம் மனத்தை மிகக் கவர்வது, கொல்லாது பழக்கும் வழி. குருத்தணுவின் கொடுமை அது முதிராமையில் இருக்கின்றது. முதிர்ந்த அணு பிளவுபடுதலை அடக்கித் தன் தொழிலைப் பார்க்கும். ஆகவே அதனை முதிரச் செய்தால் என்ன? மூளையின் நல்ல குருத்தணுக்களைத் துணையணுவாக முதிருமாறு தூண்டும் பி.எம்.பி.4 என்னும் புரதம் ஒன்று உடம்பிலேயே உண்டு. இத்தாலியில் ஏஞ்சலோ வெஸ்கோவி குழுவினர் 2006-இல் அதனைக் கட்டியின் குருத்தணுக்கள்மேற் செலுத்தினர். அவை துணையணுவின் கோலம் பூண்டன. எலியிற் கட்டியை உண்டாக்கும் வன்மையும் பெரிதும் குன்றியது. இம்மருந்து மனிதரிடம் வர நெடுங்காலம் பிடித்தது. காரணம், இரத்தத்தில் ஏற்றும் மருந்துகளுட் பெரும்பாலன மூளைக்குள் நுழைவதில்லை. 1885-இல் ஜெர்மனியில் பால் எர்லிக் என்பார் பிராணியின் இரத்தத்திற் சாயம் ஏற்றினார். உறுப்புகள் எல்லாம் சாயம் பிடித்தும் மூளை வெளுப்பாகவே நின்றது. பின்னர் அதுவே மூளையின் இரத்தத் தடை என்று அறியப்பட்டது. அத்தடையைத் தாண்ட, கட்டியினுள்ளேயே மெல்லிய குழாய்களை நாட்டி அப்புரதத்தைச் சொட்டுச் சொட்டாகச் செலுத்தும் முதற்கட்டப் பரிசோதனை ஒன்று நடந்து, 2023-இல் வெளியாயிற்று. நோயாளிகள் அதனைத் தாங்கினர். சிலரிடம் கட்டி குறைந்ததும் உண்டு. முதற்கட்டப் பரிசோதனை தீங்கின்மையை அறியவே அமைந்ததாகலின் இதற்குமேற் பேசுதல் முறையன்று.

குருத்தணுக்கள் கட்டியுள் எங்கும் சிதறிக்கிடப்பன அல்ல; நுண்ணிய இரத்தக் குழாய்களை ஒட்டியே மிகுதியாக வாழ்கின்றன என்று 2007-இல் மெம்பிஸ் நகரத்து அறிஞர் கண்டனர். குடியிருப்பைக் கலைத்தால் குடியும் அழியும் என்று கருதி, புதுக் குழாய்கள் வளர்வதைத் தடுக்கும் பெவாசிசுமாப் என்னும் மருந்தைப் புதிய நோயாளிகளுக்குக் கொடுத்து இரண்டு பெரும் பரிசோதனைகள் நடந்தன. முடிவு 2014-இல் வந்தது. கட்டி வளராதிருந்த காலம் சற்று நீண்டது, ஆயுள் நீளவில்லை. குருத்தணுவின் ஆக்கத்துக்குரிய சமிக்ஞைகளை அடைக்கும் மருந்துகளும் உள. மெடுல்லோபிளாஸ்டோமா என்னும் வேறொரு மூளைக் கட்டி உடம்பெங்கும் பரவிய இளைஞர் ஒருவருக்கு அத்தகைய மருந்தைக் கொடுக்க, கட்டிகள் வியக்கத்தக்க விரைவில் மறைந்தன என்று 2009-இல் எழுதினர். சில மாதங்களில் அவை மீண்டன. மருந்து பற்றிக்கொள்ளும் புரதத்தின் உருவையே கட்டி மாற்றிக்கொண்டிருந்தது.

ஒரு வினோதத்தையும் விடுவதற்கில்லை. 2015, 2016-ஆம் ஆண்டுகளில் பிரேஸில் தேசத்தில் ஜிக்கா என்னும் வைரஸ் பரவி, கருவிலிருந்த மகவுகள் சிறுத்த தலையோடு பிறந்தன. அவ்வைரஸ் வளரும் மூளையின் குருத்தணுக்களைத் தேடிச்சென்று அழிப்பதே காரணம். தேடிச்சென்று அழிக்கும் அக்குணத்தை நோய்மேல் ஏவினால் என்ன என்று சிலர் எண்ணினர். 2017-இல் வெளியான ஆராய்ச்சியில், நோயாளிகளின் கட்டியிலிருந்து எடுத்த குருத்தணுக்களை ஜிக்கா நாடிக் கொன்றது; முதிர்ந்த அணுக்களைப் பெரிதும் விட்டுவிட்டது. கட்டியுள்ள எலிகளும் கூடுதல் நாள் வாழ்ந்தன. குழந்தைகளின் மூளையை அழித்த ஒன்றே முதியோரின் மூளைக்கு மருந்தாகலாம் என்பது கேட்க நடுக்கந் தருவது. அந்நடுக்கத்துக்கு நியாயமும் உண்டு. முதிர்ந்த மூளையிலும் நல்ல குருத்தணுக்கள் சில உள என்பது 1992-இல் எலியிலும், 1998-இல் மனிதரிலும் காட்டப்பட்டது. நோய்க் குருத்தணுவை எய்யும் அம்பு நல்லதன்மேற் படாதிருக்கவேண்டும். இரண்டும் ஏறக்குறைய ஒரே முகம் உடையன.

இதுகாறும் கூறியவை கோரைக் கிழங்கின் உவமைக்கு இசைந்தன. அவ்வுவமையே முழுதும் பொருந்துமா என்னும் ஐயம் விரைவிலேயே எழுந்தது. சி.டி.133 இல்லாத அணுக்களும் சில கட்டிகளில் நோயை உண்டாக்கும் என்று 2007-இல் ஜெர்மானியர் கண்டனர். மறு ஆண்டில் மிச்சிகன் சர்வகலாசாலையின் ஷான் மாரிசன் குழுவினர், மெலனோமா என்னும் தோற்புற்றை எடுத்து, எதிர்ப்புச் சக்தி இன்னும் குறைந்த எலிகளில் வைத்துப் பார்த்தபோது, ஏறக்குறைய நான்கு அணுக்களில் ஒன்று கட்டியை உண்டாக்கியது. நிலத்தை மாற்றினால் முளைக்கும் விதையின் தொகையும் மாறுகின்றது. முன்னைய பரிசோதனைகள் அளந்தது விதையின் வீரியத்தையா, எலியின் இடங்கொடுத்தலையா?

இதனினும் ஆழமான அடி 2014-இல் விழுந்தது. அதனை விளங்கிக்கொள்ள 2006-க்குச் செல்லவேண்டும். அவ்வாண்டில் ஜப்பானியரான ஷின்யா யமனாகா, முதிர்ந்த தோலணுவினுள் நான்கு காரணிகளைப் புகுத்தி, அதனைக் கருவின் குருத்தணுவை ஒத்த நிலைக்கு மீட்டார். 2012-இல் நோபெல் பரிசும் பெற்றார். பாஸ்டன் நகரத்து அறிஞர் 2014-இல் அதே வழியைக் கிளையோபிளாஸ்டோமாவில் மேற்கொண்டனர். முதிர்ந்து, கட்டியை உண்டாக்க இயலாதிருந்த அணுக்களுள் நான்கு காரணிகளைச் சேர்த்து எழுப்ப, அவை குருத்தணுவாய் மாறி எலியிற் கட்டியை உண்டாக்கின. கட்டியின் அணுக்கள் நான்கு நிலைகளில் உலவுகின்றன என்றும், ஒரு நிலையிலிருந்து மற்றொன்றுக்குப் போகவும் வரவும் கூடுமென்றும் 2019-இல் தனித்தனி அணுக்களை ஆராய்ந்து எழுதினர். அஃதாவது, இக்கட்டியிற் குருத்தணு என்பது பிறப்பால் அமைந்த ஒரு குலம் என்று கொள்வதைவிட, அணுக்கள் ஏறவும் இறங்கவும் கூடிய ஒரு நிலை என்று கொள்வதே தகும் என்பது நம் கருத்து.

அங்ஙனமாயின் நம் உவமையையும் மாற்றவேண்டியதாகின்றது. இது கோரையைக் காட்டிலும் அறுகை ஒத்தது. அறுகுக்கு ஒரே இடத்திற் கிழங்கு இல்லை. கொடியின் கணுதோறும் வேர்விடும் ஆற்றல் உண்டு. துண்டு துண்டாய் வெட்டினால் துண்டுதோறும் முளைக்கும். எனினும் அறுகை அழிக்கவே இயலாதென்று எந்த உழவரும் கைகட்டி இருப்பதில்லை. கோடையில் ஆழ உழுது, கொடியைப் பொறுக்கி, வெயிலிற் காயவிட்டு, மீண்டும் உழுவர். ஒரே உழவில் முடியும் என்று எண்ணுவாரும் இல்லை. குருத்தணுவை மட்டும் கொல்லும் ஒரே மருந்து என்னும் பழைய ஆசை குறைந்து, இருக்கும் குருத்தணுவைக் கொல்வதோடு மற்றவை அந்நிலைக்கு ஏறும் படியையும் அடைத்தல் என்னும் முயற்சி பெருகியிருப்பது இக்காரணத்தாலேயே.

அண்மையில் நிகழ்ந்த சில முயற்சிகள் இவ்வழியின. நோயாளியின் இரத்தத்திலிருந்து டி-அணு என்னும் எதிர்ப்பணுக்களை எடுத்து, இன்ன அடையாளங் கண்டால் கொல்க என்று அவற்றின் ஜீனை மாற்றி, மீண்டும் உடம்பிற் செலுத்துவர். 2016-இல் கலிபோர்னியாவின் சிட்டி ஆஃப் ஹோப் வைத்தியசாலையினர் இத்தகைய அணுக்களை ஒரு நோயாளியின் மூளைக்குள்ளேயே செலுத்தினர். மூளையிலும் முதுகெலும்பினுள்ளும் இருந்த கட்டிகள் யாவும் மறைந்தன. ஏழரை மாதம் அந்நிலை நீடித்தது. பின்னர் வேறு இடங்களிற் கட்டி தோன்றியது. நாம் மேலே குறித்த ஷீலா சிங், ஹாமில்டன் நகரத்து மெக்மாஸ்டர் சர்வகலாசாலையில் தம் குழுவினரோடு, சி.டி.133 அடையாளத்தையே குறியாகக்கொண்ட டி-அணுக்களை எலிகளிற் பரிசோதித்து 2020-இல் வெளியிட்டார். அடையாளம் ஒன்றையே நம்பினால், அஃதில்லாத அணு தப்பும் என்பதை அறிந்து, பென்சில்வேனியா சர்வகலாசாலையினர் இரண்டு அடையாளங்களை ஒருங்கே தாக்கும் டி-அணுக்களை உண்டாக்கினர். முதல் ஆறு நோயாளிகளின் வரலாறு 2024-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வெளியாயிற்று. அறுவரிடத்தும் தொடக்கத்தில் எடுத்த படங்களிற் கட்டி சுருங்கியிருந்தது. ஆனால் சிகிச்சை பலித்தது என்று சொல்ல வகுத்துள்ள அளவை அச்சுருக்கம் எட்டவில்லை. சுருங்கிய கட்டியில் எஞ்சியிருப்பவை எந்நிலையிலுள்ள அணுக்கள், அவ்விரண்டு அடையாளங்களையும் அவை இன்னும் தாங்கி நிற்கின்றனவா, உதிர்த்துவிட்டனவா என்பதே இத்துறையார் இப்போது தேடிக்கொண்டிருப்பது.